ஊருக்குள் மனைப்பிரிவு வருகிறதா? கல் நடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

ஜேசிபி வந்து வரப்பை உடைக்கும்போதுதான் ஊர் விழித்துக்கொள்கிறது. ஆனால் அதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். புரோக்கர் ரெண்டு மாதம் டீக்கடையில் உட்கார்ந்து பேசியிருப்பார், நாலு பங்காளிகள் அட்வான்ஸ் வாங்கியிருப்பார்கள், பவர் பத்திரம் பதிவாகியிருக்கும், நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் ஒரு கோப்பு மேசை மாறி மேசை போய்க்கொண்டிருக்கும். ஊருக்கு மட்டும்தான் அது புதுச் செய்தி.

எங்கள் ஊரிலும் அப்படித்தான் ஆனது. ஏரிப் பாசனத்தில் இருந்த நஞ்சையில் கலர் கொடி கட்டி, ஆர்ச் வைத்து, ஞாயிற்றுக்கிழமை வேன் வேனாக ஆட்களைக் கூட்டிவந்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் நாங்கள் மனு எழுத உட்கார்ந்தோம். ஒப்புதல் அதற்கு முன்பே வாங்கிவிட்டார்கள். கடைசியில் வாய்க்காலை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது, அதுவும் அரைகுறையாக. அடுத்த ஊரில் இன்னொரு மனைப்பிரிவு வந்தபோது, முதலில் செய்யாமல் விட்டதையெல்லாம் வரிசையாகச் செய்தோம். இங்கே எழுதுவது அதிலிருந்து கற்றுக்கொண்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குத்தான் இது பொருந்தும், மற்ற மாநிலங்களில் சட்டமும் அலுவலகங்களும் வேறு.

முதலில் ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். தொழிற்சாலை, சுரங்கம் என்றால் மாவட்ட ஆட்சியர் தலைமையில் பந்தல் போட்டுக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவார்கள். வீட்டுமனைக்கு அது கிடையாது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்கும் நகரியங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கே கொடுத்திருக்கிறது. ஆகவே யாராவது வந்து நம்மைக் கேட்பார்கள் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஒப்புதல் கையெழுத்தாவதற்கு முன், சர்வே எண்ணோடு, எழுத்தில், நம் எதிர்ப்பு அந்தக் கோப்புக்குள் போய் உட்கார வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

எதை எதிர்க்கிறோம்?

இதை ஊர்க்கூட்டத்திலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். "வெளியாட்கள் வருவார்கள், ஊர் கெட்டுவிடும்" என்பது எந்த அலுவலகத்திலும் எடுபடாது, எடுபடவும் கூடாது. பட்டா நிலத்தை விற்பது உடையவரின் உரிமை. இரண்டு பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய வேண்டியவர், போர் போட்டுப் போட்டுத் தண்ணீர் வராமல் கடனில் விழுந்தவர், அவரிடம் போய் "விவசாயத்தைக் காப்பாற்று" என்று வசனம் பேசினால் அடுத்த நாளே அவர் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்லப் போய்விடுவார். நியாயமும் அவர் பக்கம் கொஞ்சம் இருக்கிறது.

இன்னொன்றையும் மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிலமில்லாதவர்களுக்கு அரசு இலவச வீட்டுமனைப் பட்டா கொடுக்கும்போது அதைத் தடுக்க "மேய்ச்சல் நிலம் போகிறது, நீர்நிலை போகிறது" என்று திடீர் அக்கறையோடு கிளம்பும் ஊர்களை நானே பார்த்திருக்கிறேன். அங்கே நடப்பது சாதிப் பிரச்சினை, வாய்க்கால் பிரச்சினை இல்லை. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது, உதவவும் மாட்டேன்.

எடுபடுகிற காரணங்கள் வேறு. வாய்க்கால் அடைபடுகிறது. வண்டிப்பாதையை வேலி போட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள். மழைநீர் வடியும் தாழ்வான இடத்தில் கிராவல் அடித்து மேடாக்குகிறார்கள், அந்தத் தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குள் வரும். நஞ்சையை மாற்ற அனுமதி வாங்கவில்லை. புறம்போக்கு உள்ளே மாட்டியிருக்கிறது. கோயில் நிலம். பஞ்சமி நிலம். அணுகுசாலை காகிதத்தில் காட்டிய அகலத்தில் தரையில் இல்லை. இவற்றில் ஒன்று உறுதியாகக் கையில் இருந்தால் போதும், பத்தையும் அரைகுறையாகச் சொல்வதைவிட அது பலமானது.

காற்றில் வரும் செய்தியைப் பிடிப்பது

அக்கம்பக்கத்து நிலங்கள் நாலைந்து ஒரே பெயருக்கு பவர் அல்லது கிரய ஒப்பந்தம் ஆகிறதென்றால் அங்கே மனை வரப்போகிறது என்று அர்த்தம். பதிவுத்துறையின் இணையதளத்தில் கிராமமும் சர்வே எண்ணும் போட்டு வில்லங்க விவரத்தை நீங்களே பார்க்கலாம், செலவில்லை. ஊரில் படித்த பிள்ளை ஒருவரை மாதம் ஒருமுறை இதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏரிக்கு அடியில், மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் என்று ஆபத்தான சர்வே எண்கள் இருபது முப்பதுதான் இருக்கும். தனியார் சர்வேயர் மெஷினோடு வருவது, வயலில் நடவு செய்யாமல் ஒரே பக்கமாகத் தரிசு போடுவது, கிணற்றை மூடுவது, இதெல்லாமும் முன்னறிவிப்புதான்.

விளம்பர நோட்டீஸ் கையில் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைத் திட்டம் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவாகாமல் விளம்பரமே செய்யக் கூடாது. நோட்டீஸில் ரெரா எண் இல்லையென்றால் அதுவே ஒரு புகார். எண் இருந்தால் இன்னும் நல்லது. தமிழ்நாடு ரெரா தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் ஒப்புதல் விவரமும் திட்டத்தின் ஆவணங்களும் கிடைக்கும். அலுவலகம் அலுவலகமாக அலைந்து வாங்க வேண்டியது உட்கார்ந்த இடத்தில் வந்துவிடும்.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. அது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் வேலை, எல்லோரும் டிடிசிபி என்கிறோமே அதுதான், சென்னைப் பெருநகரப் பகுதியில் சிஎம்டிஏ. அந்த ஒப்புதலுக்குப் பிறகு அதன்படி அனுமதி ஆணை தருவதுதான் உள்ளாட்சியின் பங்கு. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது, அந்த வருடம் அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. அதனால் ஒப்புதல் இல்லாத மனை என்றால் சார்பதிவாளருக்கு ஒரு மனு, டிடிசிபிக்கு ஒரு மனு என்று போட்டால் பெரும்பாலும் விற்பனையே முடங்கிவிடும். நம் தலைவலி, ஒழுங்காக விண்ணப்பித்து வருகிற மனைப்பிரிவுதான்.

காகிதம் சேர்ப்பது

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மனு எழுதுவது ஒரு நாள் வேலை, அதற்குமுன் மூன்று வாரம் காகிதம்.

வருவாய்த் துறையின் இ-சேவை தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் நான்கையும் இறக்கிக்கொள்ளலாம். புலப்படம் என்றால் எஃப்எம்பி. திட்டத்தில் உள்ள ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லா எண்களுக்கும் எடுங்கள். தொடுகிற எண்கள்தான் முக்கியம், ஏனென்றால் மனை போடும் ப்ரமோட்டர் வாங்கியது பட்டா நிலம்தான், அவர் விழுங்கப்போவது நடுவிலோ ஓரத்திலோ கிடக்கும் புறம்போக்கு. அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக வாய்க்கால், ஓடை, பாதை, களம், மேய்க்கால், மயானம் என்று ஏதாவது எழுதியிருக்கும். அந்த ஒரு சொல்தான் நம் வழக்கு.

அப்புறம் கிராம வரைபடத்தை வாங்கி ஒரு பெரிய தாளில் திட்டத்தின் எல்லையைச் சிவப்பிலும் வாய்க்கால், பாதைகளை நீலத்திலும் வரையுங்கள். இதைச் செய்த அன்றுதான் எங்களுக்கே விஷயம் புரிந்தது, அதுவரை ஆளாளுக்கு ஒரு வாய்க்கால் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்போது உள்ள கணினிப் பதிவு 1980-களில் நடந்த யுடிஆர் நில உடைமைப் பதிவின் வழியாக வந்தது. அதில் தவறுகள் உண்டு. வாய்க்கால் பட்டாவாக மாறியது, பாதை காணாமல் போனது, கோயில் பெயரில் இருந்தது தனியார் பெயருக்கு வந்தது என்று எத்தனையோ. அதனால் சந்தேகமுள்ள எண்ணுக்கு மட்டுமாவது யுடிஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் இல்லை என்பார்கள். மாவட்ட ஆவணக் காப்பறையில் எழுதிக் கேளுங்கள். பஞ்சமி நிலமா என்பதும் அதில்தான் தெரியும். 1892 அரசாணைக்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுத்த அந்த நிலம் அந்தச் சமூகத்தினர் அல்லாதவர் கைக்குப் போனதே நிபந்தனை மீறல், அதன்மேல் போட்ட மனைப்பிரிவு எத்தனை அழகாக இருந்தாலும் அடித்தளம் ஆட்டம்தான். கோயில் நிலமும் அதே மாதிரி. அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியில்லாமல் விற்ற கிரயம் 1959 சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி செல்லாது.

சில வாய்க்கால்கள் எந்தப் புலப்படத்திலும் இருக்காது. பட்டா நிலத்துக்குள்ளேயே, ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு, தாத்தா காலத்திலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். "இது எங்க பட்டா, வாய்க்கால்னு ஒண்ணு இல்லவே இல்லை" என்று ப்ரமோட்டர் தரப்பு சொல்லும், பதிவேட்டின்படி அது சரியாகவும் இருக்கும். அங்கே நமக்குக் கை கொடுப்பது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். 20 வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்தி வந்த நீர்வழிக்கும் நடைபாதைக்கும் உரிமை உண்டு. அதை நிரூபிக்க, கீழ்மடை வயல்களின் பழைய அடங்கலில், அதாவது விஏஓவின் பயிர்க் கணக்கில், பாசன ஆதாரம் என்ன என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களுக்குப் பின்னால் போனால் வாய்க்கால் பச்சைக் கோடாகத் தெரியும், அதைத் தேதியோடு அச்செடுங்கள். மடைப் பங்கீடு பார்த்த பெரியவர்களிடம், வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட நீர்க்கட்டி உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம், எழுதி வாங்கிக் கையெழுத்துப் போட வையுங்கள். தள்ளிப் போடாதீர்கள், எண்பது வயதுச் சாட்சிகள் நம் கோப்புக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

மழைக்காலத்தில் அந்த நிலத்தில் தண்ணீர் நிற்பதைப் போட்டோ, வீடியோ எடுத்து வையுங்கள். பின்னணியில் மின்கம்பம், கோயில் கோபுரம், ஏதாவது அடையாளம் தெரிய வேண்டும். கோடையில் போய் "இங்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் சார்" என்றால் வறண்ட மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அதிகாரி ஏன் நம்ப வேண்டும்?

தகவல் கேட்பது

டிடிசிபி மாவட்ட அலுவலகம், வட்டாட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர், நீர்வளத் துறை செயற்பொறியாளர், வேளாண் இணை இயக்குநர். இந்த ஐந்து இடத்துக்கும் தனித்தனியாக 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6(1)-இல் மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அல்லது மழுப்பினால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?" என்றால் "விளக்கம் தர சட்டத்தில் இடமில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "இன்ன கிராமம், இன்ன சர்வே எண்களில் மனைப்பிரிவு கேட்டு வந்த விண்ணப்பம், தள ஆய்வு அறிக்கை, நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று, நில வகை மாற்றம் குறித்த கடிதப் போக்குவரத்து, அலுவலகக் குறிப்புகள் ஆகியவற்றின் நகல்கள்" என்று கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கூடவே 2(ஒ) பிரிவின்படி, அதாவது ஆங்கில வரிசையில் 2(ஜே), கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள். நேரில் பார்க்கும்போதுதான் எந்தத் தாள் இல்லை என்பது தெரியும், இல்லாத தாள்தான் பல நேரம் நமக்கு வேண்டியது.

"மூன்றாம் தரப்புத் தகவல்" என்று மறுப்பது வழக்கமான சாக்கு. அப்படி மறுக்க வேண்டுமென்றாலும் 11-ஆம் பிரிவுப்படி அந்த மூன்றாம் தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும், பொதுநலன் பெரிதா என்று எடை போட்டிருக்க வேண்டும். மேல்முறையீட்டில் இதை ஒரு வரியில் எழுதுங்கள்.

நகர் ஊரமைப்புத் திட்டப் பகுதிக்கு (பிளானிங் ஏரியா) வெளியே உள்ள கிராமம் என்றால் ஒரு கேள்வியைத் தவறவிடாதீர்கள். விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவும் அதன் கீழான 2017 விதிகளும் இருக்கின்றன. நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். அந்த இசைவுக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். அடங்கலில் மூன்று வருடமாகத் தரிசு என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், போன போகம் வரை நெல் விளைந்த வயலைக் காகிதத்தில் மட்டும் தரிசாக்கும் வித்தை பல இடங்களில் நடக்கிறது. கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடன், நெல் கொள்முதல் நிலைய ரசீது, இவை இரண்டும் அந்தப் பொய்யை உடைக்கும்.

ஆட்சேபனை மனு

ஆர்டிஐ பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கையில் உள்ளதை வைத்து முதல் மனுவை உடனே கொடுங்கள், பதில் வந்தபின் கூடுதல் மனு. முதல் மனுவின் தேதிதான் பின்னால் நீதிமன்றத்தில் பேசும்.

டிடிசிபி மாவட்ட அலுவலருக்கு எழுதி ஆட்சியர், வட்டாட்சியர், பிடிஓ, நீர்வளத் துறை நால்வருக்கும் நகல் அனுப்புங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் பத்தியிலேயே கிராமம், வட்டம், சர்வே எண்கள், பரப்பு. அடுத்து ஆட்சேபனைகளை எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த இணைப்பில் ஆதாரம் இருக்கிறது என்று. உதாரணமாக இப்படி:

"சர்வே எண் ... அ-பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு எனப் பதிவாகியுள்ளது (இணைப்பு 2). உத்தேச மனைப்பிரிவு இதன் இருபுறமும் அமைகிறது. இவ்வாய்க்காலின் கீழ் ... ஏக்கர் பாசனம் பெறுகிறது (இணைப்பு 3, அடங்கல்). வாய்க்காலின் முழு அகலமும் அளந்து கல் நடப்படாமலும், நீர்வளத் துறையின் தள ஆய்வு இல்லாமலும் ஒப்புதல் வழங்கக் கூடாது எனக் கேட்டுக்கொள்கிறோம். முடிவெடுக்கும் முன் எங்களை நேரில் விசாரிக்கவும் வேண்டுகிறோம்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். விசாரிக்காமல் முடிவெடுத்தால் பிறகு ரிட் மனுவில் அதுவே நம் முதல் வாதம். "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படுகிறது, ஆகவே சமூகம் அவர்கள்..." என்ற பாணியை விட்டுத் தள்ளுங்கள். நூறு பேர் கையெழுத்துப் போட்ட ஒரே மனுவோடு, நேரடியாகப் பாதிக்கப்படும் கீழ்மடைக்காரர்கள் ஐந்தாறு பேர் அவரவர் சர்வே எண்ணைக் குறித்துத் தனித்தனி மனு கொடுப்பதும் நல்லது. நாளைக்கு ஒருவர் சமாதானமாகிப் போனாலும் மற்ற மனுக்கள் நிற்கும். போவார்கள், அதற்குத் தயாராகவே இருங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண்ணோடு ரசீது வாங்குங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள், அங்கே நீர்வளத் துறை, வேளாண் துறை அதிகாரிகள் ஒரே அறையில் இருப்பார்கள், ஒருவர்மேல் ஒருவர் கைகாட்டித் தப்பிக்க முடியாது. கூடவே எல்லாவற்றையும் ஒப்புகையோடு தபாலிலும் அனுப்புங்கள். நேரில் கொடுத்த மனு "கிடைக்கப்பெறவில்லை" ஆவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்துக்கு ஆறு முறை. அன்று போய் சத்தம் போடுவது பிரயோசனமில்லை, ஒரு வாரம் முன்பே பொருளை எழுத்தில் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் இருக்கும் ஊராட்சி என்றால் பிடிஓவிடம் கொடுங்கள். தீர்மானத்தை நீங்களே முன்கூட்டி எழுதிக்கொண்டு போங்கள், சர்வே எண்ணோடு, "ஆட்சேபிக்கிறது" என்று முடியும்படி. கையெழுத்துப் பக்கத்தில் வெற்றிடம் விட்டு, பிறகு மேலே வேறு எதையாவது எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஆகவே எழுதி முடித்து, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. உடனே போனில் படம் எடுங்கள்.

அதே தீர்மானப் புத்தகத்தில் இன்னொன்றையும் தேடுங்கள். ஊராட்சி மன்றக் கூட்டத்தில் "சாலை, வடிகால் ஊராட்சி ஏற்றுக்கொள்ள ஆட்சேபனை இல்லை" என்று ஏற்கெனவே ஒரு தீர்மானம் ஓசைப்படாமல் போயிருக்கலாம்.

கிராம சபைத் தீர்மானத்தால் மட்டும் டிடிசிபி ஒப்புதல் நின்றுவிடாது. அதை உடைக்க முடியாத கவசமாக நினைத்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்ட ஊர்கள் உண்டு. மதுரை மாவட்டத்தில் அரிட்டாபட்டியும் சுற்றுக் கிராமங்களும் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது. ஆனால் இடைப்பட்ட நாட்களில் சட்டமன்றத் தீர்மானம், கடையடைப்பு, மதுரை நோக்கிய பெரும் பேரணி எல்லாம் நடந்தன. தீர்மானம் என்பது கோப்பில் சேரும் இன்னொரு பலமான தாள். அவ்வளவுதான்.

செய்யக் கூடாதவை

அவர்கள் நிலத்துக்குள் இறங்காதீர்கள். நட்ட கல்லைப் பிடுங்காதீர்கள், ஜேசிபியின் முன் படுக்காதீர்கள். கோபத்தில் ஒரு கல்லைப் பிடுங்கினால் அன்று மாலைக்குள் ஐந்து பேர் மேல் வழக்கு, அதில் நிச்சயம் ஒருவர் அரசு வேலைக்குக் காத்திருக்கும் பையனாக இருப்பார், பிறகு ஊர் முழுக்க அவரைக் காப்பாற்றும் வேலையில் இறங்கிவிடும், மனைப்பிரிவு மறந்தே போகும். தடுக்க வேண்டியதைப் பொதுப்பாதையில் நின்று வீடியோ எடுங்கள், புறம்போக்கில் கை வைத்தால் விஏஓவுக்கும் வட்டாட்சியருக்கும் அந்த நேரத்திலேயே போன், பிறகு எழுத்தில்.

தங்கள் நில அனுபவத்தில் ஊர்க்காரர்கள் தலையிடக் கூடாது என்று சிவில் நீதிமன்றத்தில் ஒருதலைப்பட்சமாகத் தடை வாங்குவது அவர்களுடைய வழக்கமான ஆயுதம். அதற்கு முன்பே சிவில் நடைமுறைச் சட்டம் 148-அ பிரிவில் கேவியட் போட்டு வைத்தால் நம்மைக் கேட்காமல் உத்தரவு போட மாட்டார்கள். 90 நாள்தான் செல்லும், முடியும்போது புதுப்பியுங்கள்.

சமூக வலைத்தளத்தில் ப்ரமோட்டரையும் அதிகாரியையும் பெயர் சொல்லித் திருடன் என்று எழுதாதீர்கள். வரைபடத்தைப் போடுங்கள், அ-பதிவேட்டைப் போடுங்கள், அதுவே பேசும். பணம் வசூலித்தால் கணக்கை வாரம் ஒருமுறை வாட்ஸாப் குழுவில் போடுங்கள். போராட்டம் உடைகிற இடம் பெரும்பாலும் இதுதான், எதிரி ஒன்றும் செய்ய வேண்டியதே இல்லை.

ஒப்புதல் வந்துவிட்டால்

முடிந்துவிட்டது என்று இல்லை, ஆனால் கடினம். சர்வே எண் வாரியாக ஆட்சேபனை கொடுத்தும் பரிசீலிக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட், தென் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளை. நீர்நிலை, பொதுப்பாதை விஷயம் என்றால் பொதுநல மனுவாகவே போகலாம். ஊர்ப் பொதுநிலத்தை ஆக்கிரமித்தவர்களை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னது. அது ஒரு கிராமத்துக் குளத்தை மண்ணடித்து வீடு கட்டிய கதைதான், வக்கீலிடம் அந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள், அவருக்கும் தெரிந்திருக்கும். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் பெயரில் மனு என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கழிவுநீரை ஏரியில் விடுவது, நீர்நிலையை மூடுவது மாதிரி விஷயங்களுக்கு அங்கே போகலாம், பட்டா தகராறுக்குப் போக முடியாது. பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், அதற்கு மேல் 60 நாள் வரை மன்னிப்பு கேட்கலாம், அப்புறம் கதவு மூடிவிடும். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டும் குடியிருப்புகளுக்கும், 50 ஹெக்டேரை, அதாவது சுமார் 123 ஏக்கரை, எட்டும் நகரியத் திட்டங்களுக்கும் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். அந்த அனுமதியை எதிர்ப்பதென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். சிலர் இந்த வரம்புக்குள் வராமலிருக்க ஒரே திட்டத்தை "பேஸ் 1, பேஸ் 2" என்று உடைப்பார்கள், நோட்டீஸில் எல்லாவற்றையும் சேர்த்து விளம்பரம் செய்திருந்தால் அந்த நோட்டீஸை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் வரைபடத்துக்கு மாறாகத் தரையில் வேலை நடந்தால் அதே 1971 சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நிறுத்தவும் அகற்றவும் அதிகாரம் இருக்கிறது. புகாரில் வரைபடத்தையும் தரைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பேரம்

இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். முழுத் திட்டத்தையும் நிறுத்துவது எப்போதாவதுதான் நடக்கும். சர்வே எண்ணோடு வலுவான ஆட்சேபனை கோப்பில் இருக்கும்போது ப்ரமோட்டரே பேச வருவார், ஏனென்றால் கோப்பு தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அவருக்கு வட்டி ஓடுகிறது. அப்போது கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை, ஊருக்கு ஒரு ஆர்ச் என்று பேச்சு திசை மாறும். மாற விடாதீர்கள். நாங்கள் அந்த அடுத்த ஊரில் கேட்டது நான்குதான். வாய்க்கால் முழு அகலத்துக்கும் இருபுறமும் கல் நட்டு அதன் ஓரமாகச் சாலை, மனைகளின் பின்புறம் வாய்க்காலைப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் பின்புறமாக இருந்தால் கழிவுநீர்க் குழாய் அங்கேதான் இறங்கும். வண்டிப்பாதை கதிர் அறுக்கும் வண்டி போகிற அகலத்துக்குத் திறந்தே இருக்க வேண்டும், கேட் கூடாது. குறுக்கே போகும் இடத்தில் குழாய் போடாமல் பாலம். திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் தாழ்வான மூலையில், தண்ணீர் வடிகிற பக்கம்.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது 2019 கட்டட விதிகளில் இருக்கிறது. எப்படியும் கொடுக்க வேண்டிய நிலம்தான், எந்த இடத்தில் என்பதைத்தான் நாம் பேசுகிறோம். பேசியது எதுவானாலும் திருத்திய வரைபடத்தில் வர வேண்டும், வாய்வார்த்தையோ முத்திரைத்தாள் ஒப்பந்தமோ போதாது. திருத்திய வரைபடம் டிடிசிபியில் தாக்கலானதை நேரில் பார்த்த பிறகுதான், அந்தக் குறிப்பிட்ட ஆட்சேபனையை மட்டும், "மேற்படி திருத்தத்துக்கு உட்பட்டு" என்று எழுதித் திரும்பப் பெறுங்கள்.

தானப் பத்திரத்தின் நகலை ஊராட்சி அலுவலகத்தில் வாங்கி, சாலையும் திறந்தவெளியும் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று ஒரு வருடம் கழித்தும் போய்ப் பாருங்கள். ஏறாமல் விட்ட பூங்கா இடம் ஐந்து வருடத்தில் "மனை எண் 41-ஏ" ஆகிவிடும்.